ஒன்பது, இரண்டு முறை

ஜம்பெட்டா வீதியில் டயர் கடைக்கு மேலே
இரண்டாம் மாடி. பெண்களுக்குக்
காலை ஐந்தரையிலிருந்து ஏழு வரை.
செருப்பைக் கழற்றிவிட்டு ஏறவும் என்று
படிக்கட்டில் மூன்று மொழியிலும் எழுதியிருக்கிறது.
மூன்று மொழிக்காரரும் கழற்றுவதில்லை.

பகலில் நான் செட்டியார் தெருவில் தராசுக்காரி.
மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் நிறுப்பேன்.
மூச்சுப் பட்டாலே கடைசி இலக்கம் ஆடும்.
ஒரு குண்டுமணி பிசகினாலும்
சம்பளத்தில் பிடிப்பார்கள்.

குனிந்து நின்று
கம்பியை வயிற்றுக்கு இழுக்க வேண்டும்.
எத்தனை தடவை என்பதில்தான் சண்டை.
ஐந்து செட், ஐந்து தடவை என்றாள் மிஃப்ரா.
பாரம்தான் சதை, மற்றதெல்லாம் வியர்வை.
பூட்டிய கடைக் கதவு போல அவளுக்கு முதுகு.
பயிற்சி தரும் டில்ஹானி, மூன்று செட், பன்னிரண்டு தடவை,
எரிய வேணும் என்றாள்.
சுவரில் ஒட்டிய படத்து ஆள்
நான்கு, எட்டு என்று விரல் காட்டினான்;
அவனுக்குக் கழுத்தே இல்லை.

கணக்கு என் தொழில்.
பற்றுச்சீட்டின் பின்புறம் போட்டுப் பார்த்தேன்.
இருபத்தைந்து தடவை நாற்பது கிலோ: ஆயிரம்.
முப்பத்திரண்டு தடவை முப்பத்திரண்டு கிலோ:
ஆயிரத்து இருபத்து நான்கு.
முப்பத்தாறு தடவை இருபத்தெட்டு கிலோ:
ஆயிரத்தெட்டு. அர்ச்சனைக் கணக்கு.

இதற்கா இவ்வளவு சத்தம்?

உடம்புக்குப் பெருக்கல் தெரியாது போல.
ஐந்துகளின் மறுநாள்
மோதிரத்தைத் தட்டில் வைக்கையில் மணிக்கட்டு நடுங்கியது.
பன்னிரண்டுகளில், ஏழாவதுக்கே
மின்சாரப் பட்டியல் ஞாபகம் வந்துவிடும்.
எட்டும் பத்தும் என்னைப் பொறுத்துக்கொண்டன.
ஆனால் எந்த எண்ணானாலும்
முதலில் வருவதெல்லாம் வரிசையில் நிற்பதுதான்.
கடைசி இரண்டில்தான் கவுண்டர் திறக்கும்.

டில்ஹானிக்கு இது தெரியும்.
பக்கத்தில் நின்று சிங்களத்தில் எண்ணுவாள்.
எக்காய், தெக்காய், துனாய்.
எட்டு வரை நேர்மையானவள்.
பிறகு
நமயாய் என்பாள்.
கம்பி ஏறி இறங்கும்.
மறுபடியும்
நமயாய் என்பாள், முகத்தில் ஒன்றுமில்லாமல்.
முதல் தடவை நான் கோபப்பட்டேன்.
எங்கள் கடையில் இதற்குப் பெயர் களவு.

நான்கு மாதம் கழித்துத் தையற்காரர்
என் சாறிச் சட்டையின் முதுகுத் தையலைப் பிரித்தார்.
முக்கால் அங்குலம், என்றார்.
அளவு நாடாவைத் திருப்பிப் பார்த்தார்,
நாடா பொய் சொன்னது போல.

நேற்று டில்ஹானி வரவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சலாம்.
மிஃப்ராவுக்கு நோன்பு. ஸஹர் முடிந்து படுத்திருப்பாள்.
கரண்டும் இல்லை.
கண்ணாடியில் என் நிழல் மட்டும் குனிந்து நின்றது.

தமிழில் எண்ணினேன்.
முதல் செட் பத்தில் முடிந்தது, சுத்தமாக.
இரண்டாவதும் அப்படியே.
ஏமாற்ற முயன்றேன், முடியவில்லை.
ஒன்பது என்று வாய் திறக்கும்போதே
அதன் வாலில் பத்து ஒட்டிக்கொண்டு வருகிறது;
இந்த மொழியில் ஒன்பதுக்கு
பத்தைத் தவிர வேறு போக்கிடம் இல்லை.

மூன்றாவது செட்டுக்குக்
கைக்குச் சுண்ணத்தூள் பூசிக்கொண்டு
எக்காய் என்று தொடங்கினேன்.
என் வாயில் அந்தச் சொல்
இன்னொருத்தியின் சட்டை போலத் தொளதொளத்தது.
தெக்காய். துனாய்.
ஏழில் தோள்பட்டைகளுக்கு நடுவே நெருப்பு.
எட்டில் கம்பி பாதி வழியில் யோசித்தது.

நமயாய்.

கீழே யாரோ டயர் ஒன்றை உருட்டிப் போட்டார்கள்.

நமயாய்.

தஹாய்.

கம்பியை மெதுவாக இறக்கினேன். சத்தம் கேட்டால்
டயர் கடைக்காரர் கூரையைத் தட்டுவார்.
பிறகு கொப்பியை எடுத்து, தேதி போட்டு,
மூன்றாவது செட், முப்பது கிலோ,
பத்து
என்று எழுதினேன்.
எட்டரைக்குத் தராசில் இருக்க வேண்டும்.